மான்னு சொன்னா எந்த மான்?

போன வாரம் அடையாறுலேர்ந்து கிண்டிக்கு சர்தார் படேல் ரோடு வழியா போயிட்டிருந்தேன். வழக்கமான டிராஃபிக். இடது பக்கம் நீளமா சுவர். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம், ஐஐடியிலயும் கிண்டி தேசியப் பூங்காவுலயும், ரெண்டு வகை மான் இருக்கு. ஒண்ணு புள்ளிமான். இன்னொண்ணு வெளிமான், ஆண் மட்டும் கருப்பா, திருகுன கொம்போட இருக்குமே, அது.

ரெண்டும் மான்தானே? இல்லைங்க. வெளிமானுக்குப் புள்ளிமானைவிட நெருங்கின சொந்தம், பிரியாணிக் கடைக்குப் போற ஆடு.

முதல் தடயம் கொம்பு. புள்ளிமான் கொம்பு முழுக்க எலும்பு. கிளை விடும், விழும், திரும்ப முளைக்கும். வெளிமானுக்கு உள்ள எலும்பு, மேல நம்ம நகம் மாதிரி கெராட்டின் உறை. கிளையும் இல்லை, விழறதும் இல்லை. ஆடு, மாட்டுக்கும் இதே டிசைன்.

"பிளந்த குளம்பு, அசைபோடுறது எல்லாம் ரெண்டு மானுக்கும் ஒண்ணுதானே?"ன்னு கேப்பீங்க. கிட் யூஸ் பண்றவங்களுக்கு இது டக்குனு புரியும். எல்லா பிரான்ச்லயும் மாறாம கிடக்கிற பழைய வரியை வச்சு, எது எதோட சேர்ந்து பிரிஞ்சதுன்னு சொல்ல முடியாது. குளம்பு அந்தப் பழைய வரி; ஆடு மாட்டுக்கும் இருக்கு. சேர்ந்து மாறின வரிதான் சாட்சி. வில்லி ஹெனிக்னு ஒரு ஜெர்மன் பூச்சியியலாளர் 1950லயே இதை ஒரு முறையா எழுதிட்டார். கிட் வந்தது 2005ல!

அப்புறம் டிஎன்ஏ வந்துச்சு. கொம்பு சொன்னதையே சொல்லிட்டு, கூட ஒரு குண்டும் போட்டுச்சு. ஆட்டுக்கு மாட்டைவிட வெளிமான்தான் நெருக்கம். ஆடு-மாடுன்னு சேர்த்தே பேசிப் பழகின வாய் நமக்கு, என்ன பண்றது.

லின்னேயஸ் 1758ல வெளிமானை ஆட்டுப் பேரினத்துலதான் போட்டார். வச்ச பேர் செர்விகாப்ரா. லத்தீன்ல செர்வஸ்னா மான், காப்ரான்னா ஆடு. பேரினம் பின்னாடி மாறினாலும் அந்தப் பேர் நின்னுடுச்சு.

சரி, சொந்தம் வேறயா இருந்தா நமக்கென்ன? சொந்தம் வேறன்னாலே வாழ்க்கையும் வேறன்னு எப்பவும் சொல்ல முடியாது. ஆனா இங்க வேற. வெளிமான் திறந்த புல்வெளி விலங்கு, பேர்லயே வெளி இருக்கு. ஆபத்தை தூரத்துலயே பாத்து, ஓடித் தப்பிக்கிற ஆள். புள்ளிமான் மரம், புதர் நடுவுலயும் சமாளிச்சுக்கும். கிண்டிப் பூங்கா மொத்தமே சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். அதுல புல்வெளியைப் புதர் மூடினா வெளிமானுக்குப் போக வேற இடமில்லை. "மான் நிறைய இருக்கே"ன்னு ரெண்டையும் சேர்த்து எண்ணினா, அந்த இழப்பு கணக்குலயே வராது.

நானும் ரொம்ப நாள் 'காலி இடம் கண்டா மரம் நடு' கோஷ்டிதான். இப்போ நடுறதுக்கு முன்னாடி, அங்க யார் மேயறாங்கன்னு கேக்கறேன்.