நம்ம வம்சத்தை நாமே எழுதுவோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



அப்பாவோட தாத்தா பேரைக் கேட்டா சட்டுன்னு சொல்லிடுவோம். குலதெய்வக் கோயில்ல பங்காளிகள் வரிசையாச் சொல்ற பேரு அது. அம்மாயியைப் பெத்தவ பேரு என்ன? நம்மில் பலருக்குத் தெரியாது. நமக்குக் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி மொத்தம் எட்டுப் பேர். அதுல நாலு பேர் பெண்கள். அந்த நாலு பேரும் எங்கே போனாங்க?

இது வெறும் பெருமைக்காக இல்லை. ஒருவர் இறந்தபின் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றில், கட்டிக்கொடுத்த மகள் பேரு விட்டுப்போனா அப்புறம் அலைச்சல் நமக்குத்தான். இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு உண்டுன்னு 1989-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அப்போ கல்யாணம் ஆகாத பெண்களுக்குத்தான். 2005-ல் கல்யாணம் ஆனவங்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க வந்தது. சட்டம் இருக்கு. யாருக்கு யாரு மகள்னு காட்ட நம்மகிட்ட எழுத்து இருக்கணும்.

எப்படித் தொடங்குறது? ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும். முதலில் நம்ம பேரு, பிறகு அம்மா, அப்பா, அவங்களைப் பெத்தவங்க. ஒவ்வொருத்தருக்கும் பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், கூடப்பிறந்தவங்க பேரு எழுதணும். கூப்பிடுற பேரு வேற, ஏட்டுல உள்ள பேரு வேறன்னா இரண்டையும் எழுதணும்.

வீட்டுல மூத்தவங்களை முதல்ல கேளுங்க. வயசு தெரியலைன்னா, "தனுஷ்கோடி அழிஞ்ச புயலப்போ (1964) நீ சமைஞ்சிட்டியா?", "எம்.ஜி.ஆர். இறந்தப்போ (1987) கைப்பிள்ளை யாரு?"ன்னு கேட்டா வருசம் தானா வரும்.

அடுத்து டிரங்குப் பெட்டியைத் திறங்க. கிரயப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பள்ளிக்கூட டி.சி., கல்யாணப் பத்திரிகை எல்லாம் சாட்சிதான். பத்திரம் தொலைஞ்சிருந்தா பத்திரப்பதிவு அலுவலகத்தில் நகல் கேட்கலாம். இலங்கைத் தோட்டத்திலிருந்து 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பிய குடும்பம்னா பழைய பாஸ்போர்ட்டில் பேரும் ஊரும் இருக்கும்.

ஒரு விஷயம் ஞாபகம் வைக்கணும். நம்ம ஊரு 1948 மார்ச் 3 வரை தொண்டைமான் சமஸ்தானம். பிறகு திருச்சி ஜில்லா. 1974 ஜனவரி 14-ல்தான் தனி மாவட்டம். அறந்தாங்கிப் பக்கம் அதுவரை தஞ்சாவூர் ஜில்லா. பழைய காகிதத்தில் ஜில்லா பேரு மாறியிருந்தா வேற ஊருன்னு நினைச்சு ஒதுக்கிடாதீங்க.

2018 கஜா புயலில் கூரை போன வீடுகளில் காகிதங்களும் நனைஞ்சுபோச்சு. அதனால எல்லாத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்து, பொறந்த வீட்டுல ஒண்ணு, புகுந்த வீட்டுல ஒண்ணு வைப்போம்.

1991-ல் அறிவொளி இயக்கத்தில் எழுத்தும் சைக்கிளும் கத்துக்கிட்ட பெண்கள் மாவட்டம் இது. அந்த எழுத்தால இப்போ நம்மைப் பெத்தவங்க பேரை எழுதுவோம். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்குக் குழுவில் பக்கத்துல உட்காருறவங்க எழுதிக் கொடுக்கணும். அடுத்த கூட்டத்துக்குச் சேமிப்புப் பாஸ்புக்கோட அந்த நோட்டையும் எடுத்துட்டு வாங்க.