அவை நாகரிகம்



மாதந்தோறும் இச்சங்கத்தில் நடைபெறும் கலந்துரையாடற் கூட்டத்திற்குச் சில விதிகள் வேண்டுமெனச் செயற்குழு முடிவுசெய்து, அவற்றை எழுதும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தது. ஆண்டு விழாவில் அவற்றை விளக்கிப் பேசுமாறும் பணித்தது. பேசுவதற்கும் விதி எதற்கு, அன்பிருந்தால் போதாதோ எனச் சிலர் வினவலாம். அயலான் சொன்ன சுடுசொல் ஒரு நாளில் மறந்துபோம். அன்புடையோர் சொன்னது மறப்பதில்லை. ஆதலின் அன்புள்ள இடத்திலேயே விதி மிகுதியும் வேண்டப்படுகிறது.

திருவள்ளுவர் அவையறிதலை முன்னும் அவையஞ்சாமையைப் பின்னும் வைத்தார். அஞ்சாது பேசக் கற்குமுன், எதிரே அமர்ந்திருப்போர் யாவரென அறியக் கற்கவேண்டும் என்பதே அம்முறைவைப்பின் கருத்தென நாம் கொள்கிறோம்.

இங்கே அமர்ந்திருப்போர் யாவர்? பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஊர்களுக்கு உத்தியோகத்தின் பொருட்டும் வாணிபத்தின் பொருட்டும் பிற மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறினோர் ஒரு சாரார். தலைமுறை தலைமுறையாக இம்மண்ணிலேயே வாழ்ந்துவரும் தமிழர் மற்றொரு சாரார். 1956 நவம்பர் முதல் நாளுக்கு முன்னர் களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை என ஒன்று இருந்ததில்லை. இரண்டும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டுமென நேசமணி முதலியோர் தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு போராடியது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. பசல் அலி ஆணையம் 1955-இல் அறிக்கை அளித்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின; நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது.

அந்நாளைய நினைவு வீட்டுக்கு வீடு வெவ்வேறாக இருக்கிறது. உறவினர் எல்லைக்கு அப்பால், அண்டை வீட்டார் மலையாளிகள், பிள்ளைகளின் பள்ளிப் பாடம் மலையாளத்தில். மொழியைப்பற்றி நாம் வாய் திறந்தால் யாரேனும் ஒருவர் மனம் நோவது எளிது. வாதத்தில் வென்றவரும் தோற்றவரும் கூட்டம் கலைந்தபின் ஒரே பேருந்துக்காகக் காத்து நிற்க வேண்டியவர்கள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

இதற்கு நல்வழி காட்டியவர் நமக்கு அண்மையிலேயே வாழ்ந்திருக்கிறார். நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புரத்தில் 1888-இல் சிவனைப் பிரதிட்டை செய்த நாராயண குரு, 1924-இல் ஆலுவாயில் சர்வ சமய மாநாடு ஒன்றைக் கூட்டினார். சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாயிருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். வாதிட்டு வெல்வதற்காகக் கூடவில்லை, அறியவும் அறிவிக்கவுமே கூடியுள்ளோம் என்னும் கருத்துடைய அறிவிப்பு அங்கே எழுதி வைக்கப்பட்டிருந்தது. நமது ஐந்து விதிகளும் அதற்கு உரையே.

முதலாவது, ஒருவர் பேசும்போது மற்றொருவர் பேசலாகாது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு 1979-இல் திறந்த இருப்புப்பாதை ஒற்றைப் பாதையாகவே அமைந்தது. ஒற்றைப் பாதையில் அடுத்த நிலையத்தாரிடம் லைன் கிளியர் பெறாமல் எந்த வண்டியும் புறப்படுவதில்லை. விரைவு வண்டியாயினும் காத்தே நிற்கும். நமது அவையில் லைன் கிளியர் தருபவர் தலைவர்.

இரண்டாவது, ஒருமுறை பேசியவர், இன்னும் பேசாதவர் பேசி முடிக்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அலுவலகத்துப் பதவியைச் செருப்போடு வாயிலிலேயே விட்டுவிட்டு வருக.

மூன்றாவது, செய்தி சொல்வோர் ஆண்டும் ஆதாரமும் சொல்லவேண்டும். நெய்யாற்றின்கரையைத் தமிழ்நாட்டிலிருந்து 1956-இல் பிரித்துவிட்டார்கள் என்று ஒரு நண்பர் ஒருமுறை கூறினார். அதற்கு முன்பும் அது திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருந்தது. சேர்க்கும் கோரிக்கைதான் ஏற்கப்படவில்லை. பிரித்தார்கள் என்பதற்கும் சேர்க்கவில்லை என்பதற்கும் வேறுபாடு பெரிது. அதை ஆண்டு சொல்லித் திருத்தினால் போதும். அவர் அறியாமையை எள்ளி நகையாட வேண்டுவதில்லை.

நான்காவது, கருத்தை மறுக்கலாம். பேசுகிறவரின் ஊரையோ சாதி சமயத்தையோ பேச்சு வழக்கையோ பழிக்கலாகாது. இவ்விதியை எழுதும் தகுதி நமக்கு எங்ஙனம் வந்தது என்பதைச் சொல்லியாகவேண்டும்.

சில மாதங்களுக்கு முன்னர், மலையாளத்தில் பயிலும் நம் சிறுவர்க்குச் சங்கத்தில் மாலைநேரத் தமிழ் வகுப்பு தொடங்குவதுபற்றிப் பேசினோம். இவ்வூரிலேயே பிறந்த முதியவர் ஒருவர் எழுந்து, “நான் ஒரு காரியம் பறையட்டுமா?” என்றார். நாம் குறுக்கிட்டு, “ஐயா, தமிழ்ச் சங்கத்தில் தமிழிலே சொல்லுங்கள்” என்றோம். சிரிப்பொலி எழுந்தது. அவரும் சிரித்தவாறே அமர்ந்துவிட்டார். அடுத்த கூட்டத்திற்கு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

மனம் உறுத்தவே அகராதியைப் புரட்டினோம். பறைதல் என்பதற்குச் சொல்லுதல் எனப் பொருள் கண்டோம். யாழ்ப்பாணத்துத் தமிழரும் பேசுவதைப் பறைதல் என்பர். மலையாளமென நாம் நகைத்தது நம் முன்னோர் சொல். பிழைக்க வந்த நாம், இம்மண்ணின் தமிழர் ஒருவர்க்குத் தமிழ் கற்பிக்க முற்பட்டோம்!

அவர் இல்லம் சென்று, அன்று சொல்ல வந்தது யாதெனக் கேட்டோம். கட்டன் காப்பி கொடுத்து உபசரித்தபின் அவர் சொன்னார்: “மக்களே, எனக்குத் தமிழ் பறையத் தெரியும், வாசிக்கத் தெரியாது. நான் படித்ததெல்லாம் மலையாளம். பிள்ளைகளோடு எனக்கும் ஒரு இடம் கிடைக்குமோ என்று கேட்கத்தான் எழும்பினேன்.”

நாம் தலைகுனிந்தோம். வாருங்கள் என வேண்டினோம். பார்க்கலாம் என்றார். இன்றளவும் வரவில்லை.

ஐந்தாவது விதி அதன்பின் எழுதப்பட்டது: பிழை செய்தவர், அது எந்த அவையில் நிகழ்ந்ததோ அந்த அவையிலேயே அதைத் திருத்தவேண்டும். பலர் முன்னிலையில் செய்த அவமதிப்பு, வீட்டுத் திண்ணையில் தனியே கேட்ட மன்னிப்பால் தீர்வதில்லை. ஆகவே, அன்று நாம் செய்தது பிழையென்றும், அதற்கு வருந்துகிறோம் என்றும் இவ்வவையில் அறிவிக்கிறோம். அன்று நம்மோடு சிரித்தவர்களும் இதில் சேர்ந்துகொள்ள வேண்டுகிறோம்.

மாலை வகுப்பில் முதியோர்க்கும் இடமளிக்கச் செயற்குழு இசைந்துள்ளது. அப்பெரியவரின் பேத்தி இங்கே வந்திருக்கிறாள், யாரெனச் சுட்டமாட்டோம். குழந்தாய், வீடு சென்றதும் பாட்டாவிடம் இதைச் சொல். முதல் வரிசையில் ஓர் இடம் அவருக்கென விட்டிருக்கிறோம். அவர் வந்து பறைய வேண்டும், நாம் கேட்கவேண்டும்.