பேப்பரில் வரும் இரண்டு பக்கம்

(வாசிகசாலைக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மழை தப்பினால் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நமக்கு அரைப்பேர்தான். ஆகவே காலநிலை பற்றிப் பேப்பரில் வருவது நம்முடைய அடுப்படி விஷயம். ஆனால் நாமோ, "படிச்சவங்களுக்குள்ளேயே சண்டையாம், நமக்கு எதுக்கு?" என்று பேப்பரை மடித்து வைத்துவிடுகிறோம். அந்தச் சண்டை எவ்வளவு பெரியது என்று கொஞ்சம் பார்ப்போம்.

அமெரிக்காவின் நியூயோர்க் டைம்ஸ், வொஷிங்டன் போஸ்ட் உட்பட நான்கு பெரிய பத்திரிகைகளில் 1988 முதல் 2002 வரை வந்த 636 கட்டுரைகளை பொய்கொஃப் சகோதரர்கள் இருவர் ஆராய்ந்து, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்குச் சற்று அதிகமான கட்டுரைகள், "பூமி சூடாவதில் மனிதருக்குப் பங்குண்டு" என்பதற்கும் "இல்லை, அது இயற்கை" என்பதற்கும் ஏறக்குறையச் சம இடம் கொடுத்திருந்தன. விஞ்ஞானிகள் மத்தியிலோ அப்படிச் சரிபாதிப் பிளவு இருக்கவில்லை.

எழுதியவர்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை. இரு தரப்பையும் கேட்பதுதானே நியாயம் என்று நினைத்தார்கள். அந்த நல்ல பழக்கத்தையே சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள். மக்கள் மனதில் சந்தேகத்தை வளர்க்க அமெரிக்க எண்ணெய்த் துறையினர் வகுத்த திட்டமொன்று 1998இல் வெளிச்சத்துக்கு வந்தது. அதை வெளியிட்டதும் ஒரு பத்திரிகைதான். ஆகவே பேப்பரே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். லயத்தில் பத்துக் காம்பிரா. ஒன்பது வீட்டில் கூரை ஒழுகுகிறது. ஒருவர் மட்டும் ஒழுகவில்லை என்கிறார். "கூரை பற்றி இரு கருத்து" என்று எழுதினால் அது நடுநிலையா? அதற்குள் பாய் நனைந்துவிடுமே!

சம்பளப் பேச்சில் இரு பக்கமும் கேட்கத்தான் வேண்டும். எவ்வளவு சூடு கூடியது என்பதோ அளந்து பார்க்கிற விஷயம். மனிதர் செயலால் பூமி சூடானதில் ஐயமில்லை என்று உலக விஞ்ஞானிகள் குழு 2021இல் சொல்லிவிட்டது. இனி என்ன செய்வது, செலவை யார் ஏற்பது என்பதில்தான் வாதம் வேண்டும். அங்கே நம் குரலும் கேட்க வேண்டும்.

ஆகவே தம்பி தங்கைமாரே, பெரியவர்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டும்போது மூன்றைக் கேளுங்கள்: சொல்வது யார்? எதை அளந்து சொல்கிறார்? அவருக்குக் காசு கொடுப்பது யார்?