குழந்தையும் சரளி வரிசையும்



"ஆறு மாதமாக ச ரி க ம தானே, பாட்டு எப்போது?" என்று இசையாசிரியரிடம் வினவும் பெற்றோர் பலர். அவர்களுக்காகவே இவ்வுரை.

புரந்தரதாசர் (1484–1564) வகுத்தனவாகக் கூறப்படும் சரளி வரிசைகளை மாயாமாளவகௌளை இராகத்தில் தொடங்குவது மரபு. அவ்விராகத்தின் கீழ்ப்பாதியிலும் மேற்பாதியிலும் சுர இடைவெளிகள் ஒன்றே. ஆதலின் ச முதல் ம வரை பழகிய குழந்தை, ப முதல் மேல் ச வரை அந்நடையைத் தானே கண்டுகொள்கிறது. கை ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையைப் போட, வாய் சுரம் சொல்ல, செவி சுருதியைப் பற்றி நிற்கிறது. இம்மூன்றும் ஒருங்கே பழகும் பாடம் பிறிதொன்று அரிது. இரண்டாம் காலம் பாடுகையில், இரட்டிப்பு என்பது ஏட்டுக்கு முன்பே கைக்கு விளங்கிவிடுகிறது. (கணக்கில் மதிப்பெண் உயருமென்று நான் உறுதி கூறேன், அது வேறு உழைப்பு.)

என்னிடம் பயில வந்த ஏழு வயதுச் சிறுவனுக்குத் திக்குவாய். பெயரைக் கேட்டாலே கண் கலங்குவான். சுருதிப்பெட்டி ஒலித்ததும் சுரங்கள் தடையின்றி வந்தன. பாடும்பொழுது திக்குதல் பெரும்பாலும் மறைவது மருத்துவர் அறிந்ததே. பேச்சுப் பயிற்சிக்கும் அவனை அனுப்பச் சொன்னேன். பாட்டே குறையை நீக்குமென்று சொல்லுதல் தகாது. ஆண்டுத் தேர்வு நெருங்கவே, இசை வகுப்பை நிறுத்த எண்ணினர் பெற்றோர். "அங்கே மட்டும் எனக்குத் தடை வருவதில்லை, அம்மா" என்றானாம், திக்கித் திக்கியே. அன்னையார் மறுவாரமும் அவனை அழைத்து வந்தார். இப்போது அலங்காரம் பாடுகிறான்.