வயித்து வலின்னு நினைச்சேன்

நான் குப்பனூர். கொட்டச்சேடு வழியா ஏற்காட்டுக்கு ரோடு ஏறுதே, அந்த அடிவாரம்தான் எங்க ஊரு. மைக் பிடிச்சுப் பழக்கம் இல்லைங்க, தப்பிருந்தா பொறுத்துக்குங்க. சேமிப்பு, கடன் பத்தி மத்தவங்க பேசிட்டாங்க. நான் பாம்புக்கடி பத்திப் பேசறேன்.

போன ஐப்பசி மழையில எங்க மாமியார் ஆசாரத்துல பாய் போட்டுப் படுத்திருந்தாங்க. தலைமாட்டுல மக்காச்சோள மூட்டை. மூட்டைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு என்னை எழுப்பி வயித்தை வலிக்குதுன்னாங்க. வாயுன்னு நினைச்சு சீரகத் தண்ணி வச்சுக் குடுத்தேன். வாந்தி எடுத்தாங்க. விடியட்டும் அத்தை, டாக்டர்கிட்ட போலாம்னு சொன்னது நான்தான்.

விடியறப்போ இமையைத் தூக்க முடியலை. நாக்கு குழறுச்சு. எச்சில் முழுங்க முடியலை. பாயை எடுத்தா அடியில கட்டுவிரியன். கருப்பு உடம்பு, மெல்லிசா வெள்ளை வளையம். உடம்பு பூரா தேடினோம், வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை. கண்ணாடி விரியன் கடிச்சா வலியில ஊரே எழுந்திரிக்கும். இது கடிச்சா கொசு கடிச்ச மாதிரிகூட தெரியாது. தரையில தூங்கினவங்களுக்கு ராத்திரி திடீர்னு வயித்து வலி வந்தா, முதல்ல இதை நினைக்கணும். எனக்கு அப்போ தெரியலை.

பச்சிலை வைக்கலாம்னு ஒருத்தர், இறுக்கிக் கட்டலாம்னு ஒருத்தர். ரெண்டும் கூடாது. எங்க வீட்டுக்காரர் 108-க்குப் போன் போட்டார். எச்சில் மூச்சுல அடைக்காம ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விஷமுறிவு ஊசி போட்டாங்க. மூச்சு மெஷினும் வச்சாங்க. ஊசி, ரத்தத்துல ஓடுற விஷத்தைத்தான் முறிக்குமாம். நரம்புல ஏறிட்டதை எடுக்காதாம். அது தானா விடற வரைக்கும் மெஷின்தான் மூச்சு. நான் சீரகத் தண்ணி வச்ச நேரம் அங்கதான் போச்சு.

அந்த ஊசிக்கு விஷம் எடுத்துத் தர்றவங்களும் நம்மள மாதிரி சங்கம் வச்சவங்கதான். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், 1978-ல ஆரம்பிச்சது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே ஊசி. 2023-ல வடிவேல் கோபால், மாசி சடையன்னு ரெண்டு இருளருக்குப் பத்மஸ்ரீ குடுத்தாங்க. கேட்டப்போ எங்க வீட்டுக்கே குடுத்த மாதிரி இருந்துச்சு.

அஞ்சாம் நாள் அத்தைக்குப் பேச்சு வந்துச்சு. "நீ அழுதது கேட்டுச்சு. முடிஞ்சிருச்சுன்னு எவனோ சொன்னதும் கேட்டுச்சு. கண்ணைத்தான் தொறக்க முடியலை"ன்னாங்க. உடம்பு அசையாம கிடந்தாலும் நினைவு இருக்குமாம். அதனால ஆள் போயிட்டாங்கன்னு நீங்களா முடிவு பண்ணி வண்டியைத் திருப்பிடாதீங்க.

இப்ப குழுக் கடன்ல கட்டிலும் கொசுவலையும் வாங்கிட்டோம். வலை ஓரத்தை மெத்தைக்கு அடியில சொருகிட்டுத்தான் படுக்கறோம். மூட்டை கொட்டகைக்குப் போயிருச்சு. அத்தை இங்கதான் மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க. நான் அதிகமா பேசறேன்னு கை காட்டறாங்க.