ஒத்திகை நடந்த மதியம்

வசந்த காலம் வந்தால் அமெரிக்கப் பள்ளிகளில் மாணவர்கள் பாட்டு நாடகம் போடுவது வழக்கம். ஃபுளோரிடா மாநிலம், பார்க்லேண்டில் மார்ஜரி ஸ்டோன்மன் டக்ளஸ் பள்ளி. 2018 பிப்ரவரி 14 அன்று அங்கேயும் பிள்ளைகள் நாடக ஒத்திகையில் இருந்தார்கள். திடீரென்று துப்பாக்கிச் சூடு. மாணவர்களும் ஊழியர்களுமாக 17 பேர் இறந்துபோனார்கள். நாடக ஆசிரியை மெலடி ஹெர்ஸ்ஃபெல்ட் 65 மாணவர்களைத் தன் சின்ன அலுவலக அறைக்குள் சேர்த்துக் கதவை அடைத்துக்கொண்டார். எத்தனை மன உறுதி பாருங்கள்! அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

 

அதே ஆண்டு ஜூனில், நியூயார்க்கில் நாடகக் கலைஞர்களுக்கான டோனி விருது விழாவில் மெலடிக்கு நாடகக் கல்விக்கான விருது கிடைத்தது. அவருடைய மாணவர்கள் மேடையேறி, 'ரென்ட்' இசை நாடகத்தின் பாடலைப் பாடினார்கள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.