அழிப்பான் துண்டில் ஒரு தீபாவளி வாழ்த்து



மலேசியத் தமிழர் பேச்சில் 'சாப்' என்றொரு சொல் உண்டு. பள்ளிக் கடிதமோ, வாடகைப் பத்திரமோ, கம்பெனி ரசீதோ, எதுவானாலும் "சாப் அடிச்சாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தியில் அச்சைக் குறிக்கும் சொல் மலாய்க்குப் போய், அங்கிருந்து நம் வாய்க்கு வந்தது. தமிழ்நாட்டில் இதையே 'சீல்' என்பார்கள், 'ரப்பர் ஸ்டாம்ப்' என்பார்கள். 1977 முதல் துறைமுகமாக இயங்கிவரும் பாசிர் கூடாங்கில் சாப் இல்லாமல் ஒரு சரக்குப் பெட்டிகூட நகராது. அங்கே சாப் என்றால் வேலை, கணக்கு, காவலாளி நிற்கும் வாசல். அதே சாப்பைக் கொண்டு வீட்டிலேயே வாழ்த்து அட்டை செய்யலாம். இன்றைய பேச்சு அதைப் பற்றியதுதான். இதில் தமிழர்கள் புதிதாகக் கற்க வேண்டியது கொஞ்சம்தான் என்றும், மறந்துவிட்டதுதான் அதிகம் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாது, குளிரில் வெடிக்காது என்று அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டறிந்தார். 1844-ல் காப்புரிமை பெற்றார். 1860-களில் ரப்பர் முத்திரை வந்துவிட்டது. அதற்குப் பயன்பட்ட கருவிதான் வேடிக்கை. அக்காலப் பல் மருத்துவர்கள் பொய்ப்பல் செட்டுக்கு ரப்பரில் ஈறு வார்ப்பதற்காக ஒரு சிறிய பானை வைத்திருந்தார்கள். ஆரம்ப கால முத்திரைகள் அந்தப் பானையில்தான் வெந்தன. பல்லுக்கும் கையெழுத்துக்கும் ஒரே அடுப்பு!

அந்த ரப்பர் அப்போது பெரும்பாலும் பிரேசில் காட்டிலிருந்து வந்தது. லண்டன் கியூ தோட்டத்தில் முளைக்க வைத்த 22 கன்றுகள் 1877-ல் சிங்கப்பூர் வந்து சேர்ந்த பிறகுதான் கதை நம் பக்கம் திரும்புகிறது. 1888-ல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டு முறையைக் கண்டுபிடித்தார். முறையைச் சொன்னவர் அவர். விடியற்காலை இருட்டில் விளக்கோடு போய் வெட்டியவர்கள், பெருமளவில் கங்காணிமார் கப்பலேற்றிக் கொண்டுவந்த தமிழர்கள். உலகத்து அலுவலகங்களில் அடித்த சாப்புகளில் எத்தனை, ஜொகூர்த் தோட்டத்துப் பாட்டி ஒருத்தி சீவிய பாலில் இருந்து வந்தவை என்று கணக்கெடுத்தவர் யாருமில்லை.

வாழ்த்து அட்டையின் வரலாறு வேறு பாதையில் வந்தது. இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்குத் தபால் போகும் ஏற்பாடு வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1843-ல், ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரி, ஓவியர் ஹார்ஸ்லியைக் கொண்டு முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சிட்டார். எல்லாருக்கும் தனித்தனிக் கடிதம் எழுத அவருக்கு நேரமில்லை. ஆக, வாழ்த்து அட்டை பிறந்ததே சோம்பலிலிருந்துதான் என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை. தமிழ்நாட்டில் சிவகாசி அச்சகங்கள் பொங்கல் வாழ்த்து அட்டையைக் குவித்தன. கரும்பும் பானையும் ஒரு பக்கம், எம்.ஜி.ஆரும் சிவாஜியும் மறுபக்கம். மார்கழி பிறந்தாலே தபால்காரர் பை கனக்கும். மலேசியாவிலும் தீபாவளிக்கு வந்த அட்டைகளை நூலில் கோத்து வரவேற்பறைச் சுவரில் தோரணம் கட்டாத தமிழ் வீடு அன்று குறைவு. எத்தனை அட்டை தொங்குகிறது என்று வந்தவர்கள் கண்ணாலேயே எண்ணுவார்கள்.

பிறகு கைத்தொலைபேசியில் குறுஞ்செய்தி வந்தது, அதன் பிறகு புலனம் வந்தது. தீபாவளியன்று காலை ஆறு மணிக்குள் ஒரே விளக்குப் படம் ஒன்பது பேரிடமிருந்து வந்து விழுகிறது. அனுப்பியவர்கள் மேல் குற்றமில்லை, அன்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அடுத்த வாரம் 'இடம் போதவில்லை' என்று தொலைபேசி சொன்னதும் முதலில் அழிபடுவதும் அந்தப் படம்தான். பிஸ்கட் டின்னில் முப்பது வருஷமாக இருக்கும் அட்டையை அழிக்க அப்படி ஒரு பொத்தான் கிடையாது.

கையால் அட்டை செய்வது இப்போது பல நாடுகளில் பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவில் 1988-ல் சகோதரிகள் தொடங்கிய ஒரு கம்பெனி, வீடு வீடாகப் பெண்களைக் கூட்டிச் செய்துகாட்டி முத்திரை விற்றே வளர்ந்தது. அங்கிருந்து வரும் பொருள்கள் அழகானவைதான். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இது வாங்கும் நோயாக மாறிவிடும். நூறு முத்திரை, ஐம்பது வண்ண மை, பூ வெட்டும் கருவி என்று அலமாரி நிறையும், அட்டை மட்டும் ஒன்றுகூடப் போயிருக்காது. அதைவிட முக்கியம், அந்த முத்திரைகளில் இருப்பது ஆங்கிலப் பிறந்தநாள் வாழ்த்து, பனிமனிதன், பைன் மரம். 'இனிய தீபாவளி வாழ்த்து' என்று தமிழில் செதுக்கிய ரப்பர் அச்சு கடையில் கிடைப்பது அரிது. ரப்பருக்குப் பால் வெட்டிய சமூகத்துக்கு ரப்பரில் தன் எழுத்து இல்லை.

இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சாப் கடைக்கே போவது. முன்பு எழுத்துக் கோத்து, அதன் மேல் பலகையை அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சில் பச்சை ரப்பரை வைத்து வேகவைத்துச் செய்தார்கள். இப்போது பல கடைகளில் லேசர் கதிரே ரப்பரைச் சுட்டுச் செதுக்கிவிடுகிறது. தமிழில் கேட்டாலும் செய்து தருவார்கள். ஆனால் கடைக்காரருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், அவருடைய கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாமலும் போகலாம். வெறும் எழுத்தாக அனுப்பினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். படமாகவே கொடுங்கள். மாதிரியைப் பார்த்த பிறகு சரி சொல்லுங்கள்.

இரண்டாவது வழிதான் சுவையானது. பள்ளிப் பிள்ளையின் அழிப்பானை எடுத்து நாமே செதுக்குவது. ஒரு வேடிக்கை, இன்று கடையில் விற்கும் வெள்ளை அழிப்பான் பலவற்றில் ரப்பரே கிடையாது. அது பிவிசி பிளாஸ்டிக். பெயரில் மட்டும் ரப்பர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. செதுக்க அது நன்றாகவே இருக்கும்.

அழிப்பானில் எழுத்து தலைகீழாக, அதாவது கண்ணாடியில் தெரிவது போல, இருக்க வேண்டும். தமிழில் இது லேசில்லை. 'ப' ஏறக்குறைய தப்பித்துக்கொள்ளும். 'ட' மறுபக்கம் திரும்பிவிடும். 'பொ' என்றால் கொம்பு வலப்பக்கமும் கால் இடப்பக்கமும் போய் நிற்கும். 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' நூலுக்காக எழுத்து வார்த்தவர்களும் இதே தலைவலியைத்தான் பட்டிருப்பார்கள். ஆனால் அஞ்ச வேண்டாம். மெல்லிய காகிதத்தில் 2பி பென்சிலால் சாதாரணமாக, நேராக எழுதுங்கள். பென்சில் பக்கம் கீழே இருக்கும்படி அழிப்பான் மேல் கவிழ்த்து, நகத்தால் தேயுங்கள். கரி ஒட்டிக்கொள்ளும். எழுத்து தானாகவே தலைகீழாக வந்துவிடும். சுற்றிலும் உள்ளதைச் சீவி எடுத்தால் எழுத்து மேடாக நிற்கும்.

வெட்டுவதற்கு 'வி' வடிவ நுனி கொண்ட சிறு உளி போதும், கலைப்பொருள் கடையில் கிடைக்கும். ஆழம் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம். கோட்டின் பக்கம் சரிவாக, மேலே குறுகி அடியில் அகன்று இருக்க வேண்டும். உள்பக்கம் குடைந்துவிட்டால் நாலு தடவை அடிப்பதற்குள் கோடு சாய்ந்துவிடும். வளைவு வரும்போது உளியைத் திருப்பாதீர்கள், அழிப்பானைத் திருப்புங்கள். கத்தி பிள்ளைகள் கையில் இருக்கக் கூடாது. எழுதுவதும் மை ஒற்றுவதும் அவர்கள் வேலை, வெட்டுவது பெரியவர்கள் வேலை.

பால் வெட்டிய பாட்டி வீட்டில் இருந்தால் அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பட்டையைச் சீவுவதிலும் இதே கணக்குத்தான். உளி கொஞ்சம் மேலோடினால் பால் வராது, கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுப் பட்டை முடிச்சு விழும். மில்லிமீட்டர் என்ற சொல்லே தெரியாமல் அந்த ஆழத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் அவர்கள். தாமான் வீட்டில் வளரும் பேரப்பிள்ளைக்கு, பாட்டிக்கு இப்படி ஒரு கைத்திறன் உண்டு என்பதே தெரியாது. கேட்கச் சந்தர்ப்பமும் வருவதில்லை. ரப்பர் போய் எண்ணெய்ப்பனை வந்து, எண்ணெய்ப்பனையும் போய்த் தொழிற்சாலையும் வீடமைப்பும் வந்துவிட்ட வட்டாரத்தில் எந்த மரத்தைக் காட்டிச் சொல்வது?

அழிப்பானில் செதுக்குவது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஜப்பானின் நான்சி செக்கியைச் சொல்லலாம். 1962-ல் பிறந்து 2002-ல் மறைந்தவர். தொலைக்காட்சியைப் பற்றிக் காரசாரமாக எழுதிய பத்தி எழுத்தாளர். தான் எழுதும் பிரபலத்தின் முகத்தை அழிப்பானில் செதுக்கி, அந்த அச்சையே கட்டுரையோடு போடுவார். ஒரு சில கோடுகளில் ஆள் அகப்பட்டுவிடுவார். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அந்தச் சின்ன அழிப்பான் மேல் பயமே இருந்திருக்கும்.

இனி மை. அலுவலக ஊதா மை அட்டையில் காய நேரமாகும், தொட்டால் ஈசும். சாய மை சீக்கிரம் காயும், ஆனால் வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளுக்கும். நிறமி மை காகிதத்தின் மேலேயே தங்கி நிற்கும், நிறம் அழுத்தமாக இருக்கும், காய்வதற்குப் பொறுமை வேண்டும். ஜொகூரின் ஈரக் காற்றில் இரவு முழுக்க விட்டுவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் ஒட்டும் கரைப்பான் மையும் உண்டு. அதன் வாடை தலைக்கு ஏறும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டாம். பாசிர் கூடாங் பெற்றோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் யாரோ கொட்டிய இரசாயனக் கழிவால் ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனதும், 111 பள்ளிகள் மூடப்பட்டதும் மறக்கிற விஷயமா? தண்ணீரில் கரையும் மையே வீட்டுக்குப் போதும்.

அச்சை மைத்தட்டில் போட்டு அமுக்காதீர்கள். அச்சை நிமிர்த்திப் பிடித்து, மைத்தட்டால் அதன் முகத்தில் மெல்லத் தட்டுங்கள். அட்டைக்குக் கீழே இரண்டு நாளிதழ் மடித்துப் போட்டு, நேராக வைத்து, ஒருமுறை அழுத்தி, நேராகவே எடுங்கள். ஆட்டினால் எழுத்துக்கு இரட்டை நிழல் விழும். முதலில் பழைய தாளில் அடித்துப் பாருங்கள், எங்கே மிச்சம் சீவ வேண்டும் என்று அதுவே காட்டும். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டால் பிவிசி அழிப்பான் நாளாவட்டத்தில் டப்பாவோடு ஒட்டிக்கொள்ளும்.

அட்டைக்குக் கடைத்தாள் வேண்டாம். கொஞ்சம் தடித்த ஏ4 அட்டையைப் பாதியாக வெட்டி, ஒவ்வொரு பாதியையும் நடுவில் மடித்தால் இரண்டு வாழ்த்து அட்டை. மடிக்கும் கோட்டை மை தீர்ந்த பேனாவால் முதலில் ஒருமுறை கீறிவிட்டால் மடிப்பு சுத்தமாக விழும்.

என்ன படம் செதுக்குவது? கோலத்துக்கு ஒரு தந்திரம் இருக்கிறது. சதுர அழிப்பானில் கோலத்தின் ஒரு மூலையை மட்டும் செதுக்குங்கள். அதையே ஒவ்வொரு தடவையும் கால் வட்டம் திருப்பி நாலு தடவை அடித்தால் முழுக்கோலம் வந்துவிடும். 1995 முதல் உலகப் பட்டத் திருவிழா கண்ட ஊர் பாசிர் கூடாங். அங்கிருந்து போகும் அட்டையில் பிறை வடிவ வாவ் பட்டம் ஒன்று பறந்தால், பிரித்துப் பார்ப்பவருக்கு எந்த ஊர் என்று உடனே தெரியும். இன்னொரு இடமும் உண்டு, அங்பாவ் உறை. வங்கியோ கடையோ இலவசமாகத் தரும் உறையில் அவர்கள் பெயர்தான் இருக்கும். வெறும் காகித உறையில் வீட்டுப் பெயரைத் தமிழில் ஒற்றிக் கொடுத்தால், காசு செலவான பிறகும் உறை மிஞ்சும். திறந்த இல்ல உபசரிப்புக்குக் கூப்பிடும் அழைப்பையும் இப்படியே அடிக்கலாம்.

எல்லாருக்கும் அனுப்ப வேண்டும் என்றில்லை. தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போகும் அப்பாவின் சாப்பாட்டுப் பைக்குள் ஒன்று. தோட்டம் மூடியபோது வேறு வேறு ஊருக்குப் பிரிந்துபோன பாட்டியின் பழைய லயத்துத் தோழிக்கு ஒன்று. முகவரியைப் பாட்டியே சொல்லட்டும், பேரப்பிள்ளை தமிழில் எழுதட்டும், வீட்டு எண்ணும் அஞ்சல் குறியீடும் தெளிவாக இருக்கட்டும். எழுத்துக் கொஞ்சம் கோணலாக விழுந்திருந்தால் திரும்ப அடிக்க வேண்டாம். தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் தபாலில் சேர்த்துவிடுங்கள்.